கடல் சிங்கக் காட்சிக்கு பஸ் புக் செய்யும் முன்: தோட்டப்புற ஊரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் பாகான் செராயில் டால்பின் குளம் கிடையாது, கடல் சிங்கக் காட்சியும் கிடையாது. செம்பனைத் தோட்டம், நெல் வயல், பழைய கடைவரிசை, கோயில், தமிழ்ப்பள்ளி, இவ்வளவுதான் எங்கள் ஊர். அதனால் அடைபட்ட கடல் பாலூட்டிகளுக்காகக் குரல் கொடுக்க வேண்டும் என்று சொன்னால், இங்கே உட்கார்ந்துகொண்டு நம்மால் என்ன செய்ய முடியும் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

நிறையச் செய்ய முடியும். அந்தக் குளங்கள் டிக்கெட் பணத்தில் ஓடுகின்றன. அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் நம் ஊர் பஸ்ஸில் ஏறித்தான் போகிறது. தமிழ்ப்பள்ளியின் கல்விச் சுற்றுலா, கோயில் இளைஞர்கள் ஏற்பாடு செய்யும் பயணம், குடும்பங்கள் வருஷம் பூராவும் காசு சேர்த்துப் போகிற சிங்கப்பூர், புக்கெட், பாலி என்று எல்லாவற்றிலும் ஒரு விலங்குக் காட்சி எப்படியும் நுழைந்துவிடுகிறது. காட்சி நடக்கும் இடத்து வாசலில் பதாகை பிடிப்பதைவிட, பஸ் கிளம்புகிற ஊரில் நாலு பேரிடம் பேசுவதில்தான் பலன் அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த நம்பிக்கையில் எழுதியவை.

தொடங்க மூன்று பேர் போதும். புதிதாகச் சங்கம் அமைத்துப் பதிவுக்கு அலைய வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் இளைஞர் பகுதி, படிப்பகம் என்று ஏற்கெனவே இருக்கிற ஒன்றின் கீழ் வேலையை ஆரம்பியுங்கள்.

முதல் படி: விலங்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

கூட்டத்துக்குக் கோபத்தை மட்டும் கொண்டுபோனால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். விவரம் கையில் இருந்தால், ஒத்துக்கொள்ளாதவர்களும் உட்கார்ந்து கேட்பார்கள்.

அடைத்து வைக்கப்படும் கடல் பாலூட்டிகளில் நம் பக்கத்து மக்கள் பெரும்பாலும் பார்ப்பது இரண்டு: பாட்டில்மூக்கு டால்பின், கலிபோர்னியா கடல் சிங்கம். கொலைத் திமிங்கிலமான ஓர்காவும் வெள்ளைத் திமிங்கிலமான பெலுகாவும் வேறு நாடுகளில் உண்டு.

டால்பின் கண்ணால் பார்ப்பதோடு ஒலியாலும் பார்க்கும். கிளிக் என்ற ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து மீன் எங்கே, பாறை எங்கே என்று கண்டுபிடிக்கும். நாலு பக்கமும் சிமெண்ட் சுவர், உள்ளே தேட ஒன்றுமில்லை என்றால் இந்தத் திறமைக்கு அங்கே என்ன வேலை? கடலில் கூட்டமாக வாழும், ஒரே நாளில் பல பத்து கிலோமீட்டர் நீந்தும். ஆயுளும் குறைவில்லை, 40 வருஷத்துக்கு மேல் வாழும், சில 60-ஐயும் எட்டும். அதாவது ஒரு டால்பினை வாங்கிக் குளத்தில் விடுகிறவர், ஒரு மனித ஆயுளுக்கு நெருக்கமான காலத்துக்கு அதற்குப் பொறுப்பேற்கிறார். இதைக் கூட்டத்தில் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லுங்கள்: டால்பின் சிரிக்கவில்லை. அதன் தாடையின் அமைப்பே அப்படி. நோயில் கிடந்தாலும், இறந்து கரையில் ஒதுங்கினாலும் வாயில் அதே வளைவு இருக்கும். அது சந்தோஷமாத்தானே இருக்கு என்கிற பேச்சு இந்த ஒரு விவரத்தில் நின்றுவிடும்.

கடல் சிங்கத்தின் சொந்த இடம் வட அமெரிக்காவின் மேற்குக் கரை. அங்கே கடல் நீர் குளிர்ச்சியானது. 200 மீட்டருக்கும் ஆழமாக முங்கி இரை தேடும் விலங்கு அது. நம் வெயிலில், நிழல் போதாத, வெளிர் நிறச் சாயம் பூசிய ஆழமற்ற குளத்தில் வைத்தால் முதலில் பாதிக்கப்படுவது கண். மேலிருந்து விழும் வெயில், தரையிலிருந்து திரும்பும் கூச்சம், குளோரின், உப்பில்லாத நீர், மீனுக்காக நாள் முழுக்க மேலே அண்ணாந்து பார்ப்பது எல்லாம் சேர்ந்து விழிப்படலம் மங்கிப் புண்ணாகிவிடும். அடைப்பில் உள்ள கடல் சிங்கங்களிலும் சீல்களிலும் கண்நோய் அதிகம் என்பதைக் கால்நடை மருத்துவர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

சாப்பாடும் அப்படித்தான். டால்பின் கடல் நீரைக் குடித்துத் தாகம் தீர்ப்பதில்லை, அதற்கு வேண்டிய நீர் பெரும்பாலும் மீனிலிருந்தே கிடைக்கிறது. குளத்தில் கொடுப்பது உறையவைத்து உருக்கிய மீன். உறையும்போது நீர்ச்சத்தும் சில வைட்டமின்களும் குறைந்துபோவதால் மீனுக்குள் மாத்திரை வைத்துக் கொடுக்கிறார்கள். காட்சியில் ஒவ்வொரு குட்டிக்கரணத்துக்கும் ஒரு துண்டு மீன் வாயில் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த விலங்கின் அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் அதுவும் அடங்கும்.

இரண்டாம் படி: கண்ணால் பார்த்ததைப் பதிவு செய்யுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

பார்க்கப் போனால் டிக்கெட் எடுக்க வேண்டும், டிக்கெட் எடுத்தால் அந்தக் குளத்துக்கே காசு போகும். இந்தச் சங்கடத்துக்கு ஒரு வழி இருக்கிறது. போன விடுமுறையில் போய் வந்தவர்களின் கைப்பேசியில் காணொளிகள் ஏற்கெனவே கிடக்கின்றன. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேளுங்கள். பிள்ளை கைதட்டுவதைத்தான் எடுத்திருப்பார்கள், ஆனால் பின்னால் குளமும் விலங்கும் தெரியும். கொடுத்தவரிடம் எதற்காக என்று சொல்லி அனுமதி வாங்குங்கள், பிள்ளைகளின் முகத்தை மறைத்துவிடுங்கள். அப்படியும் போதவில்லை என்றால் குழுவில் ஒருவர் மட்டும் நோட்டுப் புத்தகத்தோடு போய் வரட்டும்.

எதைப் பார்ப்பது என்பதற்கு நம் நாட்டுச் சட்டமே வழி சொல்கிறது. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், அதாவது சட்டம் 772, விலங்கை வைத்திருப்பவரின் கடமைகளாக ஐந்து தேவைகளைச் சொல்கிறது. அந்த ஐந்தையும் நோட்டில் ஐந்து பக்கமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இடம்: குளம் சுமார் எத்தனை அடி நீளம், விலங்கின் உடல் நீளத்தைப் போல் எத்தனை மடங்கு, நிழல் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் விழுகிறது, காட்சி முடிந்ததும் விலங்கு எங்கே போகிறது. பின்னால் உள்ள அடைப்புக் குளம் பெரும்பாலும் பார்வையாளர் கண்ணில் படாது. அது தெரிந்தால் முதலில் அதைக் குறியுங்கள்.

உணவு: காட்சிக்கு வெளியே உணவு கொடுக்கப்படுகிறதா, பார்வையாளர்கள் காசு கொடுத்து மீன் வாங்கிப் போடுகிறார்களா.

இயல்பான நடத்தை: இதற்குப் பொறுமை வேண்டும். காட்சி நேரத்தை விட்டுவிட்டு, காட்சி இல்லாத அரைமணி நேரம் ஒரே விலங்கைப் பாருங்கள். ஒரே திசையில் ஓயாமல் வட்டமடிக்கிறதா? அசையாமல் மேலே மிதந்துகொண்டே இருக்கிறதா? கம்பிக் கதவைக் கடிக்கிறதா? தின்றதைக் கக்கி மறுபடி தின்கிறதா? ஒவ்வொன்றுக்கும் மணி, நிமிடம் எழுதுங்கள். இப்படி அர்த்தமில்லாமல் திரும்பத் திரும்பச் செய்வது, சூழல் அந்த விலங்குக்கு ஒத்துவரவில்லை என்பதற்கான அடையாளமாகக் கருதப்படுகிறது.

துணை: தனியாக இருக்கிறதா, ஒத்துப்போகாத விலங்கோடு அடைத்திருக்கிறார்களா. உடலில் பல்கீறல் வரிசைகள் இருந்தால் படம் எடுங்கள்.

வலி, நோய்: மங்கிய கண், தேய்ந்த பல், வெயிலில் உரிந்த தோல், சொறிபோல் வெளுத்த பகுதி.

நோட்டில் உங்கள் முடிவை எழுதாதீர்கள். விலங்கு வேதனையில் இருந்தது என்று எழுதினால் யார் வேண்டுமானாலும் மறுப்பார்கள். காலை 11.10 முதல் 11.40 வரை இடப்பக்கமாக வட்டமடித்தது, ஒருமுறைகூட நிற்கவில்லை என்று எழுதுங்கள், யாராலும் மறுக்க முடியாது. அடைப்புக்குள் நுழைவது, ஊழியர் பகுதிக்குள் எட்டிப்பார்ப்பது எல்லாம் வேண்டாம். பார்வையாளர் நிற்கும் இடத்திலிருந்து தெரிவதே போதும்.

பயிற்சியாளர்களிடம் மரியாதையாக இருங்கள். பல இடங்களில் அவர்கள் நம் ஊர்ப் பையன்களைப் போல வேலை தேடி வந்த இளைஞர்கள்தான், விலங்கு மேல் உண்மையான பாசம் உள்ளவர்கள். அவர்களைத் திட்டியதால் எந்தக் குளத்திலும் எதுவும் மாறியதாக எனக்குத் தெரியவில்லை. உலகம் முழுக்க இந்தப் பிரச்சினையைப் பற்றி வெளியே தெளிவாகப் பேசியவர்களில் பலர் முன்னாள் பயிற்சியாளர்கள்.

மூன்றாம் படி: என்ன கேட்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் கடலில் விடுங்கள் என்று கேட்பது மனசுக்கு நன்றாக இருக்கும். நடைமுறையில் சில விலங்குகளுக்குத்தான் அது பொருந்தும். கடலில் பிறந்து, பிடிபட்டு அதிக காலம் ஆகாத டால்பின் திரும்பிப் போக முடியும். தென்கொரியாவில் சட்டவிரோதமாகப் பிடிக்கப்பட்டு சியோல் கிராண்ட் பார்க்கில் காட்சியில் இருந்த ஜெடோல் என்ற டால்பின், 2013-இல் ஜேஜு தீவுக் கடலில் விடப்பட்டது, அங்குள்ள கூட்டத்தோடு சேர்ந்தும் கொண்டது. இந்தோனேசியாவின் மேற்கு பாலியில் கடலிலேயே வேலி கட்டிப் பராமரித்த ஜோனி, ராக்கி, ராம்போ என்ற மூன்று டால்பின்கள் 2022-இல் விடுதலையாயின. குளத்திலேயே பிறந்து வளர்ந்ததைத் திடீரென்று கடலில் விட்டால் பட்டினியில் சாகும். அவற்றுக்குக் கடலோரச் சரணாலயம் கேட்கலாம், அல்லது இருக்கும் இடத்திலேயே நல்ல வாழ்க்கை கேட்கலாம்.

கோரிக்கையை வரிசைப்படுத்த, நம் வட்டாரத்திலேயே நடந்த ஒன்றை விவரமாகப் பார்ப்போம். சிங்கப்பூர் செந்தோசாவில் புதிய உல்லாசத் தலம் கட்டப்பட்ட காலத்தில் இரண்டு திட்டங்கள் இருந்தன. ஒன்று, திமிங்கிலச் சுறாவை அங்கே வைப்பது. எதிர்ப்பு கிளம்பியது, 2009-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. மற்றொன்று டால்பின்கள். சாலமன் தீவுக் கடலில் பிடிக்கப்பட்ட 27 டால்பின்கள் அதற்குள் வாங்கப்பட்டிருந்தன. அவற்றில் சிலவற்றை நம் லங்காவியில் வைத்திருந்தார்கள், அங்கே 2010-இல் இரண்டு இறந்தன. காரணம் மெலியோய்டோசிஸ் என்ற பாக்டீரியா நோய். மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் கிருமி அது, நெல் வயலில் இறங்கி வேலை செய்கிற நம் ஆட்களுக்கும் வருகிற நோய்தான். சிங்கப்பூரின் ஏக்ரஸ் என்ற விலங்கு நல அமைப்பு 2011-இல் பெரிய அளவில் பிரசாரம் நடத்தியது. 2012 நவம்பரில் பிலிப்பைன்ஸிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்த விமானத்திலேயே வென் வென் என்ற டால்பின் இறந்தது. அப்படியும் மீதமிருந்தவை கண்காட்சிக்கு வந்துதான் சேர்ந்தன.

திமிங்கிலச் சுறா விஷயத்தில் வென்றவர்கள் டால்பின் விஷயத்தில் ஏன் தோற்றார்கள்? நான் புரிந்துகொண்டது இது: சுறாவை இன்னும் யாரும் கொண்டுவரவில்லை, டால்பினுக்குக் காசு கொடுத்தாகிவிட்டது. முதலீடு போட்ட பிறகு ஒரு நிறுவனத்தைப் பின்வாங்க வைப்பது பத்து மடங்கு கஷ்டம். எங்காவது ஒரு மாநிலத்தில் புதிதாகக் கடல் பூங்கா வரப்போகிறது என்று செய்தி வந்தால் அந்த வாரமே எழுதுங்கள், கட்டி முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இந்தியாவிலும் இப்படித்தான் நடந்தது. 1990-களின் இறுதியில் சென்னைக்கு அருகே டால்பின் சிட்டி என்ற இடத்துக்குப் பல்கேரியாவிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்தார்கள், சில மாதங்களில் அவை இறந்துபோயின. பிறகு பல மாநிலங்கள் டால்பின் பூங்கா கட்டத் திட்டம் போட்டபோது எதிர்ப்பு வலுத்தது. 2013 மே மாதம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம், எந்த மாநிலமும் இதற்கு அனுமதி தரக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. கட்டுமானம் எழும்பும் முன்பே கதவு மூடப்பட்டது.

பிரிட்டன் வேறு வழியில் போனது. தடைச் சட்டம் எதுவும் அங்கே வரவில்லை. 1980-களில் குளத்தின் அளவு, ஆழம், பராமரிப்பு பற்றி ஆய்வு செய்து தரத்தை உயர்த்தச் சொன்னார்கள். அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை. 1993-இல் கடைசி டால்பின் காட்சியும் மூடப்பட்டது. தடை கேட்க இன்னும் சூழல் கனியாத நம் நாட்டுக்கு இந்த வழி பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. கனடா 2019-லும், பிரான்ஸ் 2021-லும், மெக்சிகோ 2025-லும் கொண்டுவந்த சட்டங்களைக் கடிதத்தில் ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும்.

ஆகக் கோரிக்கை வரிசை இப்படி இருக்கலாம்: புதிய விலங்கு வேண்டாம். குட்டி ஈன வைக்க வேண்டாம். கட்டிப்பிடித்துப் படம் எடுப்பது, முத்தம் வாங்குவது வேண்டாம். இருப்பவற்றுக்கு நிழல், ஆழம், உப்பு நீர், சுயேச்சையான கால்நடை மருத்துவர் வேண்டும். வித்தைக் காட்சியைப் படிப்படியாக நிறுத்த வேண்டும். ஒரு கடிதத்தில் இவற்றில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் கேளுங்கள். தோட்டத் தொழிற்சங்கத்தில் இருந்த நம் பெரியவர்களிடம் கேட்டால், ஒரு கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு அது கிடைக்கும் வரை நிற்பது எப்படி என்று சொல்வார்கள்.

நான்காம் படி: பள்ளியில் தொடங்குங்கள்

கல்விச் சுற்றுலா போகும் இடத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் புறப்பாடப் பொறுப்பாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து பட்டியல் போடுவார்கள், தலைமையாசிரியர் ஒப்புதல் தருவார், பிறகு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் போகும். அந்த விண்ணப்பம் போவதற்கு முன்பே நீங்கள் பேசியிருக்க வேண்டும். பிள்ளைகளிடம் காசு வசூல் ஆரம்பித்த பிறகு மாற்றச் சொன்னால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் ஊர் உங்கள் பக்கம் இருக்காது.

பேசும் தொனியைக் கவனியுங்கள். "டீச்சர், போன தடவை ஏன் அங்க கூட்டிட்டுப் போனீங்க?" என்று ஆரம்பிக்கவே வேண்டாம். அந்த ஆசிரியை நாற்பது பிள்ளைகளைப் பத்திரமாகக் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்தவர், அது சின்ன வேலை இல்லை. "டீச்சர், இந்த வருஷம் போற இடத்துல ஒண்ணு நாங்க சொல்லலாமா? ஏற்பாட்டையும் நாங்களே பார்த்துக்கறோம்" என்று கேளுங்கள். வேறு இடத்தோடு, அதன் செலவுக் கணக்கோடு, பஸ் விலையோடு வருகிறவரை எந்தப் பள்ளியும் வேண்டாம் என்று சொல்லாது.

நன்னெறிக் கல்வியிலும் அறிவியலிலும் விலங்குகளைப் பற்றிப் பேச இடம் இருக்கிறது. ஆசிரியர் ஒத்துக்கொண்டால் ஒரு பாடவேளை கேளுங்கள். பிள்ளைகளை அழவைக்கும் காணொளி வேண்டாம். மாறாக, பள்ளித் திடலில் ஒரு குளத்தின் அளவைச் சுண்ணாம்பால் வரைந்து, அதற்குள் எத்தனை எட்டில் ஒரு சுற்று முடிகிறது என்று அவர்களையே நடந்து பார்க்கச் சொல்லுங்கள். முடிவை அவர்களே சொல்வார்கள்.

ஐந்தாம் படி: பஸ் ஏற்பாடு செய்பவரிடம் போங்கள்

சின்ன ஊரில் பயண முகவர் என்றால் எல்லாருக்கும் தெரிந்த ஒரு அண்ணனாகத்தான் இருப்பார். ஈப்போவிலோ பினாங்கிலோ உள்ள பெரிய நிறுவனத்தின் பேக்கேஜை வாங்கி விற்பார். விலங்குக் காட்சியை அவர் தேடிப்பிடித்துப் போட்டிருக்க மாட்டார், பேக்கேஜிலேயே அது சேர்ந்து வந்திருக்கும். ஆகவே கேள்வி எளிமையாக இருக்கட்டும்: "அண்ணே, அந்த ஒரு இடத்தை எடுத்துட்டு வேற இடம் போட்டா என்ன விலை வரும்?"

பல நேரம் விலை குறையத்தான் செய்யும். அவர் யோசித்தால், உலகப் பெரிய பயண நிறுவனங்கள் ஏற்கெனவே இந்தப் பக்கம் வந்துவிட்டதைச் சொல்லுங்கள். டால்பின், திமிங்கிலங்களை இனப்பெருக்கம் செய்யும் அல்லது இறக்குமதி செய்யும் இடங்களுக்கு டிக்கெட் விற்பதில்லை என்று ட்ரிப்அட்வைசர் 2019-இல் அறிவித்தது. எக்ஸ்பீடியா 2021-இல் அடைபட்ட டால்பின், திமிங்கிலக் காட்சிகளைத் தன் தளத்திலிருந்து எடுத்தது. வியாபாரம் தெரிந்தவருக்கு இந்தச் செய்தியின் அர்த்தம் புரியும்.

அவருக்கு நட்டம் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. காட்சி இல்லாத பயணம் என்று அவர் ஒன்று போட்டால், அதில் முதல் பஸ்ஸை நிரப்பிக் கொடுங்கள்.

ஆறாம் படி: மாற்று இடம் பக்கத்திலேயே இருக்கிறது

பாகான் செராயிலிருந்து கோல செப்பெத்தாங் அதிக தூரமில்லை. அங்குள்ள மாத்தாங் சதுப்புநிலக் காடு நூறு வருஷத்துக்கும் மேலாகத் திட்டமிட்டுப் பராமரிக்கப்படும் காடு. அதன் கடலோரத்தில் ஐராவதி டால்பினும் இந்தோ-பசிபிக் கூன்முதுகு டால்பினும் தங்கள் இஷ்டப்படி வாழ்கின்றன. ஐராவதி டால்பினுக்கு மூக்கு நீட்டிக்கொண்டிருக்காது, தலை உருண்டையாக இருக்கும். கூன்முதுகு டால்பின் வயதாக ஆக இளஞ்சிவப்பாகும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வைத்தால் படகில் போகும்போது அவர்களே அடையாளம் காண்பார்கள். டால்பின் தலைகாட்டாத நாளும் உண்டு, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கரிமூட்டச் சூளை, சதுப்புநில மரப்பாலம், செம்பருந்து, இரவில் மின்மினி எல்லாம் இருப்பதால் யாரும் வெறுங்கையோடு திரும்பப் போவதில்லை.

படகுக்காரரிடம் பேசி வைக்க வேண்டியவை சில உண்டு. டால்பினைத் துரத்தக் கூடாது. நேருக்கு நேர் போகாமல் பக்கவாட்டில், வேகத்தைக் குறைத்துப் போக வேண்டும். 50 மீட்டர் இடைவெளி விட வேண்டும். குட்டியோடு இருந்தால் இன்னும் தள்ளி நிற்க வேண்டும். உணவு போடுவது, தண்ணீரில் இறங்குவது கூடவே கூடாது. அரைமணி நேரத்தில் திரும்பிவிட வேண்டும். பார்வையாளர் கூட்டமே அவற்றுக்கு இன்னொரு தொல்லையாகிவிட்டால், குளத்திலிருந்து காப்பாற்றப் போய்க் கடலில் கெடுத்த கதையாகிவிடும்.

டாக்டர் லூயிசா பொன்னம்பலம் மற்றவர்களோடு சேர்ந்து 2012-இல் தொடங்கிய மாரேசெட் அமைப்பு, மாத்தாங்கிலும் லங்காவியிலும் டால்பின்களை ஆராய்ந்து வருகிறது. நம் கடல் டால்பின்களைப் பற்றிய விவரம் வேண்டுமென்றால் அவர்கள் வெளியிடுவதைப் படியுங்கள், பள்ளிக்குப் பேச வர முடியுமா என்றும் எழுதிக் கேளுங்கள். பேர் சொல்லும்போதே தமிழ்ப்பள்ளிப் பெண் பிள்ளைகளின் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும்.

ஏழாம் படி: அரசாங்கத்துக்குக் கடிதம்

யாருக்கு எழுதுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தீபகற்ப மலேசியாவில் உயிரியல் பூங்காவுக்கும் வனவிலங்குக் கண்காட்சிக்கும் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி தருவது பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு இலாகா. விலங்கு நலச் சட்டத்தின் கீழ் கொடுமை பற்றிய புகாரை விசாரிப்பது கால்நடைச் சேவை இலாகா. அந்தச் சட்டத்தில் கொடுமைக்குத் தண்டனை 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். கடலில் வாழும் டால்பின், ஆவுளியா, திமிங்கிலம் எல்லாம் மீன்வள இலாகாவின் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து டால்பினைக் கொண்டுவர அழிந்துவரும் உயிரின வர்த்தக உடன்படிக்கையான சைட்டிஸ் அனுமதி வேண்டும், எல்லா டால்பின், திமிங்கில இனங்களும் அதன் பட்டியலில் இருக்கின்றன.

இதனால் ஒரு இலாகா இன்னொன்றைக் கைகாட்ட வாய்ப்பு உண்டு. ஒரே கடிதத்தை முதன்மையாக ஒருவருக்கு எழுதி, கீழே சாலினான் கெப்பாடா என்று போட்டு மற்ற இரண்டு இலாகாவுக்கும், உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும் நகல் அனுப்புங்கள். எல்லாருக்கும் போயிருக்கிறது என்று தெரிந்தால் யாராவது ஒருவர் பதில் எழுதியாக வேண்டும்.

கடிதம் மலாயில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். இடம், தேதி, நேரம், பார்த்தது, அது சட்டம் 772 சொல்லும் ஐந்து தேவைகளில் எதில் குறை, நீங்கள் கேட்பது என்ன. படம் இருந்தால் இரண்டே இரண்டு. படிவம் ஐந்து, ஆறு படித்த பிள்ளைகளை எழுதவிட்டு நீங்கள் திருத்துங்கள்; அரசாங்கக் கடிதம் எழுதத் தெரிவது அவர்களுக்குப் பின்னால் நூறு இடத்தில் உதவும். சிஸ்பா என்ற அரசாங்கப் புகார் முறையில் இணையம் வழியாகவும் போடலாம், அதில் கிடைக்கும் புகார் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள்.

நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு நேரில் போகும்போது, மக்களவையில் கேட்கக்கூடிய ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொண்டுபோங்கள். நாட்டில் அடைப்பில் உள்ள கடல் பாலூட்டிகள் எத்தனை, எங்கே, கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டன? இந்தக் கேள்விக்கு அமைச்சர் தரும் பதில் அவைக் குறிப்பில் ஏறிவிட்டால், அடுத்து கடிதம் எழுதுகிற எல்லாருக்கும் அது பயன்படும்.

எட்டாம் படி: பத்திரிகை, வானொலி, முகநூல்

தமிழ் நாளிதழ்களின் வாசகர் கடிதப் பகுதிக்கு எழுதுங்கள். மாணவர் பகுதி இருந்தால் பிள்ளைகள் எழுதட்டும். மின்னல் எஃப்எம்மில் நேயர்கள் பேசும் நிகழ்ச்சிகளும் உண்டு. காட்சியைக் கண்டிக்கும் கடிதத்தைவிட, எங்கள் பள்ளி இந்த வருஷம் கடலுக்கே போய் டால்பின் பார்த்தது என்ற செய்தியை ஆசிரியர் குழு விரும்பிப் போடும். அடுத்த ஊர்ப் பள்ளியும் அதைப் பார்த்துத்தான் கேட்கும்.

முகநூலில் எச்சரிக்கை தேவை. நம் நாட்டில் அவதூறுச் சட்டமும் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டமும் இருக்கின்றன. நீங்களே எடுத்த படம், தேதி, நேரம், கண்ணால் கண்டது, இவை மட்டும் போடுங்கள். வெளிநாட்டில் எப்போதோ எடுத்த ரத்தக் காணொளியை நம் ஊர் இடத்தின் பெயரோடு சேர்த்துப் பகிர்ந்தால் வழக்கு வரும், அதைவிட மோசமாக, அதுவரை நீங்கள் சொன்ன உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பேரணி நடத்துவதாக இருந்தால் 2012-ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டப்படி ஐந்து நாளுக்கு முன் போலீசுக்கு அறிவிக்க வேண்டும், 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அழைத்துப் போகக் கூடாது. எங்கள் மாதிரி ஊருக்குப் பேரணி தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

ஒன்பதாம் படி: இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருங்கள்

"நம்ம ஜனங்களுக்கே அடையாள அட்டை இல்ல, வீடு இல்ல, பள்ளிக்கு நிலம் இல்ல. நீங்க மீனுக்குப் பேச வந்துட்டீங்களா?"

இதைக் கேட்பவர் பெரும்பாலும் அந்தப் பிரச்சினைகளுக்காக வருஷக்கணக்கில் அலைந்தவராக இருப்பார். கோபப்படாதீர்கள். அவர் சொல்வது உண்மை. ஐயா, அந்த வேலைக்கும் நாங்கள் வருகிறோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி போங்கள். விலங்குக்காக மனு எழுதக் கற்ற பிள்ளை அடையாள அட்டைக்கும் மனு எழுதிக் கொடுக்கும். இந்த வேலை யாருடைய உதவித்தொகையையும் எடுத்துக்கொள்வதில்லை; இதற்குச் செலவு கொஞ்சம் தபால் தலையும் சில மாலை நேரமும்தான்.

டால்பினை நேரில் பார்த்தால்தானே பிள்ளைக்கு அன்பு வரும் என்று இன்னொரு கேள்வியும் வரும். அதற்குப் பதில் சொல்லாதீர்கள். அவரை அடுத்த படகுப் பயணத்துக்குக் கூப்பிடுங்கள்.

பத்தாம் படி: கோப்பு

எல்லாக் கடிதமும் பதிலும் புகார் எண்ணும் படமும் ஒரே கோப்பில் இருக்கட்டும். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் கைப்பேசியோடு போய்விடும். படிவம் ஆறு முடித்த பிள்ளை பல்கலைக்கழகம் போய்விடுவாள், பொறுப்பாசிரியர் மாற்றலாகிவிடுவார், சங்கச் செயலாளர் மாறுவார். கோப்பின் முதல் பக்கத்தில் பள்ளியின் ஆண்டுத் திட்டக் கூட்டம் எந்த மாதம், சுற்றுலா அனுமதி விண்ணப்பம் எப்போது போகிறது, பதில் வராத கடிதங்கள் எவை, படகுக்காரர் எண் என்ன, அடுத்து யார் பொறுப்பு என்று எழுதி வையுங்கள். ஆண்டுத் திட்டக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு அந்தப் பக்கத்தைத் திறந்து, தலைமையாசிரியரிடம் நேரம் கேளுங்கள்.